கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

மீன் வளர்ப்பு ஒரு தொற்று வியாதி. பக்கத்து சீட் ஆசாமியிடமிருந்துதான் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் ஒற்றை கோல்ட் ஃபிஷ். அது மூன்றாம் நாள் மல்லாந்ததும் ‘ஜாடி சின்னது’ என்று இரண்டடித் தொட்டி. இன்க்ரிமென்ட் வந்ததும் நாலடி. அப்புறம் கொளத்தூர் கடைக்காரர் ஒருவர் தோளில் கை போட்டு, “சார், கீழே ஒரு சம்ப் வெச்சுடுங்க. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்” என்பார். அந்த வாக்கியத்தோடு நீங்கள் மீன் வளர்ப்பவர் என்ற பதவியிலிருந்து பிளம்பர் என்ற பதவிக்கு உயர்ந்துவிட்டீர்கள். சம்பளம் மட்டும் கிடையாது.

சென்னைக்கு மீன் தொட்டி ஆசை புதுசில்லை. 1909-லேயே மெரினாவில் மீன் காட்சிச்சாலை திறந்த ஊர் இது. 1985-ல் எரிந்து போகும் வரை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகத்தோடு கிளி, முயல், மீன் எல்லாம் கிடைத்தது. இன்றைக்கு ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை கொளத்தூருக்கு வண்டியை விடுகிறார்கள். அங்கே மீனைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள். என்ன சாப்பிடும்? எத்தனை அங்குலம் வளரும்? சண்டை போடுமா? ஆனால் குழாய் விஷயம் வந்தால் மட்டும், “ஏதாவது போட்டு விடுப்பா.”

அந்த ‘ஏதாவது’தான் இந்த வாரச் சமாசாரம்.

குழாய், ஃபிட்டிங்ஸ், வால்வு வாங்கக் கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி: கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

சம்ப் வைத்த தொட்டி என்பது நம் ஊர் வீடுதான். கீழே தரைத்தொட்டி, மேலே ஓவர்ஹெட் டேங்க், நடுவில் மோட்டார். மீன் வீட்டிலும் அதே. மேலே மீன் இருக்கும் தொட்டி. அது நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே உள்ள சம்புக்கு இறங்கும். அங்கே பஞ்சு, கல், இத்யாதிகளில் சுத்தமாகி, சின்ன மோட்டார் மூலம் இன்னொரு குழாயில் மேலே ஏறும்.

ஒரு வித்தியாசம் உண்டு. உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மோட்டார் குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே, காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் ‘சொளசொள’வென்று மேலிருந்து விழும். அதனால்தான் கரண்ட் போனாலும் டேங்க் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி வருவதில்லை. மீன் தொட்டிக்காரர் என்ன செய்கிறார்? சத்தம் கேட்கக் கூடாது, நீரோட்டம் அழகாக இருக்க வேண்டும் என்று குழாயின் வாயைத் தண்ணீருக்குள் அரை அடி ஆழத்தில் விட்டுவிடுகிறார். மோட்டார் ஓடும் வரை பிரச்னை இல்லை. நின்றதும், அதே குழாய் உறிஞ்சுகுழாயாகிவிடும். மண்ணெண்ணெய் கேனில் டியூபைப் போட்டு வாயால் உறிஞ்சி விடுவோமே, அந்த சைஃபன். வாய் தண்ணீரில் இருக்கும் வரை, மேலே உள்ளதெல்லாம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தண்ணீரும் டபுள் என்ட்ரிதான். ஒரு கணக்கில் கழிந்தது இன்னொரு கணக்கில் ஏறியே தீர வேண்டும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள தொட்டியில் ஒரு அங்குல உயரத் தண்ணீர் என்பது சுமார் 14 லிட்டர். குழாயின் வாய் ஆறு அங்குல ஆழத்தில் இருந்தால் கரண்ட் போனதும் இறங்குவது சுமார் 85 லிட்டர். கீழே உள்ள சம்ப் மூன்றடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் அதன் மொத்தக் கொள்ளளவே 85 லிட்டர்தான். அதில் பாதி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஆக, பாக்கி 43 லிட்டரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? தரைக் கணக்கில். கிட்டத்தட்ட மூன்று குடம். நீங்கள் முதல் மாடியில் குடியிருந்து, கீழே ஹவுஸ் ஓனர் இருந்தால், அவருடைய சீலிங் கணக்கில்.

“தம்பி, மேல இன்னா துணி தோய்க்கறீங்களா ராத்திரி ரெண்டு மணிக்கு?” என்று அவர் கேட்கும்போது, சைஃபன் தத்துவத்தை விளக்குவது அவ்வளவு உசிதமாக இருக்காது. அட்வான்ஸ் தொகை அவரிடம் இருக்கிறது.

இதற்கு வைத்தியம் மூன்று. மூன்றுமே மலிவு.

ஒன்று: குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அங்குலத்துக்குள் வையுங்கள். 14 லிட்டரோடு வேலை முடிந்தது. இரண்டு: அந்தக் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே, ஐந்தாறு மி.மீ. அளவில் ஒரு ஓட்டை போடுங்கள். மட்டம் அந்த ஓட்டைக்கு இறங்கியதும் காற்று உள்ளே புகும், சைஃபன் அறுந்துவிடும். பாசி படிந்தால் ஓட்டை அடைத்துக்கொள்ளும், ஆகையால் மாதம் ஒரு முறை குச்சியால் குத்திவிடவும். மூன்று: இறங்கும் தண்ணீரைத் தாங்குகிற காலி இடத்தை சம்பில் எப்போதும் விட்டு வையுங்கள். அந்த மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு விடுங்கள். “இவ்ளோ பெரிய தொட்டி, பாதிதானே ரொம்பியிருக்கு” என்று வீட்டில் யாராவது இரக்கப்பட்டு ஒரு பக்கெட் ஊற்றிவிடாமல் இருக்க அந்தக் கோடு உதவும்.

கடைக்காரர் நாலாவது வைத்தியம் ஒன்று சொல்வார். “ஒரு என்.ஆர்.வி. போட்டுக்கோங்க சார், தண்ணி ரிவர்ஸ் வராது.” நான்-ரிட்டர்ன் வால்வு. ஒரு வழிப் பாதை மாதிரி. புதிதாக இருக்கும்போது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதன் கதவு இடுக்கில் ஒரு மணல், ஒரு குட்டி நத்தை, கொஞ்சம் சுண்ணாம்புப் படிவு உட்கார்ந்தால் போதும், மூடியும் மூடாமலும் நிற்கும். வடசென்னையின் உப்பு போர்வெல் தண்ணீரில் படிவுக்குப் பஞ்சமில்லை. என்.ஆர்.வி. போடுவதில் தப்பில்லை. அதை நம்பித் தூங்கப் போவதுதான் தப்பு. காற்று புகும் ஓட்டையில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. தேய்வதற்கோ உடைவதற்கோ அதில் ஒன்றுமே இல்லை.

* * *

இனி ஹார்டுவேர் கடைக்குப் போகலாம்.

“அண்ணே, முக்கால் இன்ச் பைப் பத்தடி.”

“இன்னா கலரு சார்?”

ஏதோ ஜவுளிக்கடையில் கேட்பது போல இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். மிக முக்கியமான கேள்வி அது. நம் ஊரில் ‘முக்கால் இன்ச்’ என்ற ஒரே பெயரில் மூன்று பேர் திரிகிறார்கள். சாம்பல் நிறத்தில் வருவது பெரும்பாலும் ஐ.எஸ். 4985 தரத்தில் செய்த பி.வி.சி. அது மி.மீ. கணக்கு. ‘முக்கால்’ என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதன் வெளி விட்டம் 25 மி.மீ. வெள்ளையாக, வீட்டுக் குளியலறைகளுக்கென்று வருவது ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கக் கணக்கு. அதில் முக்கால் என்பது 26.7 மி.மீ. இளமஞ்சளாக வரும் வெந்நீர்க் குழாய் சி.பி.வி.சி. அதில் முக்கால் என்பது 22.2 மி.மீ. மூன்றும் முக்கால். மூன்றும் ஒன்றோடொன்று சேராது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இல்லாத கேஸ்.

மீன் கடைகளில் கிடைக்கும் சீன ஃபிட்டிங்ஸ், கலர் கலரான யூனியன், வால்வு எல்லாம் 20, 25, 32 மி.மீ. கணக்கில் வருபவை. அவற்றோடு ஒத்துப்போவது சாம்பல் குழாய்தான். வெள்ளைக் குழாய் உள்ளே நுழையாது. ‘கொஞ்சம் தேய்ச்சு உள்ளே தள்ளிடலாம் சார்’ என்று உடன் வரும் உற்சாகி சொல்வார். தேய்த்த இடம் அன்றைக்கு ஒழுகாது. சரியாக நீங்கள் ஊருக்குப் போன அன்றைக்கு ஒழுகும். ஆகவே கலர், பெயர் இரண்டையும் நம்பாமல், குழாயின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். மீன் கடையில் ஒரு எல்போவை முதலில் வாங்கி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழாய்க் கடைக்குப் போவது உத்தமம். போட்டுப் பார்த்து வாங்கலாம். செருப்பு வாங்குவது போலத்தான்.

இன்னொன்று. பழைய பி.வி.சி.யில் கெட்டித்தன்மைக்காக ஈயக் கலவை சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அதைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல் விதி கொண்டுவந்தது. எனவே வீடு இடித்த இடத்தில் கிடைத்தது, பரணில் இருபது வருஷமாகக் கிடந்தது போன்ற குழாய்களை ஓசி என்பதற்காக மீனுக்குத் தானம் செய்ய வேண்டாம்.

குழாயை ஒட்டும் ‘சொல்யூஷன்’ உண்மையில் பசை கிடையாது. அது பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்து, இரண்டையும் ஒன்றாக்குகிறது. வெல்டிங் மாதிரி. அதனால் இரண்டு பக்கமும் தடவி, கால் திருப்பு திருப்பி, அரை நிமிஷம் கையில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் மெதுவாக வெளியே வரும். பி.வி.சி.க்கு ஒரு சொல்யூஷன், சி.பி.வி.சி.க்கு வேறு. ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, அலசி விட்டு, அப்புறம்தான் தண்ணீர். ஹேக்ஸா பிளேடால் அறுத்த விளிம்பில் தொங்கும் தூசியை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். இல்லாவிட்டால் அது மோட்டார் இறக்கைக்குப் போகும்.

* * *

வால்வு. இங்கேதான் பர்ஸ் திறக்கிறது.

பால் வால்வு என்பது திற, மூடு என்ற இரண்டே வார்த்தை தெரிந்தது. ‘கொஞ்சமாக’ என்றால் அதற்குச் சரியாகப் புரியாது. துளி நகர்த்தினால் ஏகமாகப் பாயும். கேட் வால்வு சுற்றச் சுற்ற மெதுவாகத் திறக்கும், அளந்து விடலாம். மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்ய, தண்ணீரை நிறுத்திக் கொள்ளும் இடத்தில் பால் வால்வு. அதற்குப் பக்கத்தில் ஒரு யூனியன் அவசியம். யூனியன் இல்லாமல் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால், மோட்டார் ரிப்பேரான அன்று ஹேக்ஸா பிளேடு எடுத்து அறுக்க வேண்டி வரும். கணவன் மனைவிக்கும் தொழிற்சாலைக்கும் மட்டுமல்ல, குழாய்க்கும் யூனியன் நல்லது.

மோட்டாரின் தண்ணீர் அதிகமாக இருந்தால் வெளியே போகும் பக்கத்தில் வால்வைக் கொஞ்சம் மூடலாம். உறிஞ்சும் பக்கத்தில் ஒருபோதும் மூடக் கூடாது. டப்பாவில் ‘மணிக்கு 2,000 லிட்டர்’ என்று போட்டிருப்பது, உயரமே ஏறாத தண்ணீருக்கு. நாலடி ஏறுவதற்குள் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். நடுவில் நாலு எல்போ போட்டால் இன்னும் குறையும். செங்குத்தாக ஒரு 90 டிகிரி எல்போ போடுவதைவிட, இரண்டு 45 டிகிரி போட்டால் தண்ணீர் நோகாமல் திரும்பும். மீஞ்சூர் பஸ் வளைவில் திரும்புவதும் டாங்கர் லாரி திரும்புவதும் ஒன்றா?

இறங்கும் குழாய் ஏறும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஏறுவதற்கு 25 மி.மீ. என்றால் இறங்குவதற்கு 32. முடிந்தால் இறங்கும் குழாய் இரண்டாக இருக்கட்டும். ஒன்றில் ஒரு வாழை இலைத் துண்டு அளவு பாசி போய் அடைத்துக்கொண்டாலும் இன்னொன்று காப்பாற்றும். அந்த இரண்டாவது குழாயில் வால்வே போடக் கூடாது. ‘எல்லாத்திலும் ஒரு வால்வு இருந்தால் நல்லதுதானே?’ என்றால், அந்த வால்வை ஒரு நாள் வீட்டுக் குழந்தை மூடும். குழந்தை இல்லாத வீட்டில் விருந்தாளி மூடுவார்.

ஆக, கேள்வியின் இன்னொரு பாதி இதோ: கரண்ட் இருந்து, இறங்கும் வழி அடைத்தால்? மோட்டார் சம்பிலிருந்து இழுத்து இழுத்து மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும். மேல் தொட்டியில் நாம் விட்டிருக்கும் காலி விளிம்பு ஒரு அங்குலம் என்றால், தாங்குவது அதே 14 லிட்டர்தான். எனவே மோட்டார் உட்காரும் அறையைக் கண்ணாடித் தடுப்பு வைத்துச் சின்னதாக்கி, அதில் 14 லிட்டருக்குமேல் இல்லாமல் பார்த்துக்கொண்டால், மோட்டார் அதை இழுத்து முடித்து, காற்றைக் குடித்துக் கத்தும். கத்தட்டும். தரை நனையாது.

கண்ணாடியில் குழாய் நுழைக்கும் இடத்துக்கு டேங்க் நிப்பிள். சின்டெக்ஸ் டேங்க்கில் போடுகிறோமே, அதே வஸ்து. ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம், அகன்ற தலையின் கீழே வர வேண்டும். நட்டு பக்கத்தில் அல்ல. கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். பலசாலிகள் பலத்தைக் காட்டினால் கண்ணாடி ‘டிக்’ என்று ஒரு பதில் சொல்லும். முக்கியமாக, டஃபன் செய்த கண்ணாடியில் ஓட்டை போடவே முடியாது. டிரில் பட்டதும் மொத்தமும் கற்கண்டாகக் கொட்டும்.

* * *

இந்தப் பகுதிக்காரர்களுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. திருவொற்றியூரிலும் மணலியிலும் தெருவுக்கு நாலு ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். ஃப்ளேஞ்ச், கேஸ்கட், ரெட்யூசர் எல்லாம் இவர்களுக்குத் தாய்மொழி. அவர்களில் ஒருவர் பாசத்தோடு, “பிளாஸ்டிக் இன்னாத்துக்குபா? நல்ல பித்தளை வால்வு தர்றேன். உன் பேரன் காலம் வரைக்கும் வரும்” என்பார். பேரன் காலம் வரை வால்வு வரும், உண்மை. இறால் சாயங்காலம் வரை வருமா என்பது சந்தேகம். பித்தளையில் பாதிக்குமேல் தாமிரம். தண்ணீரில் துளி தாமிரம் கரைந்தாலே இறால், நத்தை, பவளம் போன்றவற்றுக்கு விஷம். அதிலும் உப்புத் தண்ணீர் பித்தளையை அரித்துத் தின்னும். ஜி.ஐ. குழாயில் துத்தநாகம் பூசியிருக்கும், அதுவும் வேண்டாம். ராயபுரத்தின் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே நாலு வருஷத்தில் உதிர்கிறது, ஹோஸ் கிளிப் எம்மாத்திரம்? தண்ணீர் தொடும் இடம் முழுக்கப் பிளாஸ்டிக். அவ்வளவுதான் சட்டம்.

கடல் மீன் வளர்க்கப் போகிறவர்கள் ‘காசிமேடு கூப்பிடு தூரம்தானே, ரெண்டு கேன் தண்ணி மொண்டுக்கலாம்’ என்று கிளம்ப வேண்டாம். துறைமுகத்து ஓரத் தண்ணீரில் படகு டீசல் மிதக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தது. வலையைத் தூக்கியவர்களின் கையெல்லாம் கறுப்பு. உப்புப் பாக்கெட் வாங்கிக் கரைத்துக்கொள்வது மேல்.

அதே டிசம்பர் 26-ம் தேதி நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடியில் போகும் அமோனியா குழாய் கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். நம் தெருவுக்கடியிலும் கடலுக்கடியிலும் போகிற குழாயில் என்ன போகிறது, அது கசிந்தால் எங்கே போகும் என்ற கேள்வியை அன்றைக்கு வரை யாரும் அந்த மக்களிடம் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. குழாய் போடுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. தொழிற்சாலையானாலும் சரி, நாலடித் தொட்டியானாலும் சரி.

மீனுக்கும் எதிரி அதே அமோனியாதான். அதன் கழிவிலிருந்து வருவது. சம்பில் உள்ள பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. தண்ணீர் ஓட்டம் நின்றால் அவற்றுக்கு மூச்சு முட்டும். மிக்ஜாம் சமயத்தில் சென்னையின் பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாளில் மீனைக் காப்பது வெளிநாட்டு வால்வு அல்ல. டார்ச் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்ப். அதுவும் இல்லாவிட்டால், ஒரு சொம்பு. மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருக்கலாம். இரை போடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். மீன் இரண்டு நாள் பட்டினி தாங்கும், நம்மைப் போல டீ கேட்காது.

கடைசியாக ஒரு பரீட்சை. எல்லாம் ஒட்டிக் காய்ந்ததும், மீன் இல்லாமல் தண்ணீர் மட்டும் நிரப்பி மோட்டாரை ஓடவிடுங்கள். அரை மணி கழித்து பிளக்கைப் பிடுங்குங்கள். சம்பில் தண்ணீர் ஏறுவதை உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் போட்ட கோட்டில் வந்து நின்றதா? மறுபடி போடுங்கள், மறுபடி பிடுங்குங்கள். ஐந்து தடவை. பிறகு இறங்கும் குழாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மேலே தண்ணீர் விளிம்புக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். மின்வாரியம் அதன் சௌகரியத்துக்கு வைக்கிற பரீட்சையை, நம் சௌகரியத்துக்கு, பகலில், கையில் துடைக்கிற துணியோடு முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது.

மீன் வாங்க ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போகலாம். பிளக்கை சனிக்கிழமையே பிடுங்கிவிடுங்கள்.